வாங்கியாச்சு ஒரு பழைய மாருதி 800

ரொம்ப வருஷ ஆசை ஒன்று நிறைவேறியிருக்கிறது. ஒரு மாருதி 800 வாங்கிவிட்டேன். 1998 மாடல், வெள்ளை நிறம், கார்புரேட்டர் எஞ்சின், நாலு கியர். விஷயம் கேள்விப்பட்ட நண்பர்கள் எல்லோரும் முதலில் விசாரித்தது, என்ன கலர் அடிக்கப் போகிறேன் என்பதை. அடுத்து அலாய் வீல். அதற்கடுத்து ஸ்பீக்கர். பிரேக் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பழைய கார் வாங்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. வாங்கியபிறகு எதை முதலில் தொட வேண்டும், எதை அப்புறம் தொடலாம் என்பதை யாராவது விலாவாரியாகச் சொன்னால் அவர்களுக்கு உதவும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏன் இந்த வண்டி? 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தபோது, நம் சாலைகளில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தன. 1986-ல் வண்டியின் உருவம் மாறியது. நம் தெருக்களில் இன்றைக்கும் கண்ணில் படுவது அந்த உருவம்தான். 2010-ல் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றுபோனது. அதற்குள் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருந்தன. அத்தனை வண்டிகள் ஓடியதால்தான் இன்றைக்கும் பார்ட்ஸ் கிடைக்கிறது, கை பழகிய மெக்கானிக்கும் கிடைக்கிறார். எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். வண்டி எடை சுமார் 650 கிலோ. பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கை நுழையவும் இடம் இருக்கும்.

வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. பழைய காரைக் கெடுப்பதில் வயசுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, இத்தனை வருஷத்தில் அவசரத்துக்கு அவசரம் யார் யாரோ செய்துவைத்த அட்ஜஸ்ட்மென்ட். ஓட்டை விழுந்த ஓஸுக்குக் கம்பிக்கட்டு, எரிந்துபோன ஃபியூஸுக்குச் செப்புக் கம்பி, காற்று இழுக்கும் குழாய்க்கு ஒரு ஸ்க்ரூ. செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நடுவழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வீடு வந்த பிறகும் அந்தக் கட்டு அப்படியே இருபது வருஷம் கிடந்துவிடுகிறது. பழைய வண்டியைப் புதுப்பிப்பது என்றால், என்னைப் பொறுத்தவரை, இந்த அட்ஜஸ்ட்மென்ட்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கழற்றி, கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அந்த நிலைக்குத் திருப்புவதுதான்.

அதற்கு முன்னால் பேப்பர் வேலை. ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, படிவம் 30. முன்பு கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வண்டியின் விலையைப் பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். தாம்பரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர், கார்புரேட்டர் காலத்து ஆள். "எஞ்சின் போனா வேற எஞ்சின் வைக்கலாம் தம்பி. தரை போனா வண்டியே இல்ல" என்றார். மிதியடிகளை எடுத்து, அதற்கடியில் இருக்கும் கார்ப்பெட்டையும் உரித்து, ஸ்க்ரூட்ரைவர் முனையால் தட்டிக்கொண்டே போனோம். நல்ல தகடு 'டங்' என்கும். துருப்பிடித்தது 'டப்' என்று அமுங்கும். மாருதி 800-ல் துரு குடியேறும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் ஒன்றுதான்: டிரைவர் கால் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, பின் சக்கரத்து வளைவு, பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடியின் அடிப்பகுதி. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அவை மண் அடைத்துப்போனால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். ஒரு ஊக்கை விட்டுக் குத்தினால் போதும், செலவே இல்லாத வேலை.

என் வண்டி கடலோரத்தில் நின்ற வண்டி. உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. பின் சக்கரத்து வளைவில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் கனமாகப் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். இது காது குத்தும் வேலை. துருவின் மேல் பட்டி வைத்தால் துரு நிற்காது, மறைவில் வேகமாகப் பரவும். அண்டர்கோட்டிங் என்று தாரைப் போலக் கறுப்பாகப் பூசுவதும் அப்படித்தான். சுத்தமான தகட்டின் மேல் பூசினால் காப்பாற்றும், துருவின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் சரியான வழி. டிங்கர் வேலையில் கூலி அதிகம்தான். அதில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கூலிங். தமிழ்நாட்டில் ஓடிய பழைய வண்டிகளில் பத்துக்கு எத்தனை என்று கணக்குச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் எந்தப் பழைய பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிய கதை இருக்கும். என் வண்டியிலும் அந்த இடம் காலி.

"வால்வே இல்லையே அண்ணே?"

"எவனோ கழட்டிப் போட்டிருக்கான். நானே அந்தக் காலத்துல எத்தனையோ வண்டிக்குக் கழட்டியிருக்கேன் தம்பி. நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு இதுன்னு நெனப்போம்."

அந்த வால்வு, தண்ணீர் எண்பது டிகிரிக்கு மேல் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் போகாமல் தடுத்து நிற்கும். சூடு ஏறியதும் திறக்கும். பழசாகி, திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். அதனால் புது வால்வு போடுவதற்குப் பதிலாகக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வண்டி கொதிப்பது நிற்கும், ஓனருக்கும் திருப்தி. ஆனால் எஞ்சின் அதற்குரிய சூட்டுக்கு வருவதற்குள் பயணமே முடிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும், ரிங் தேயும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு இருப்பது வேறிடத்தில்.

கூடவே ரேடியேட்டர் ஃபேனை நேராக இக்னிஷனில் கொடுத்திருந்தார்கள், சாவி போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும்படி. சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டும் ஸ்விட்ச் எப்போதோ கெட்டுப்போயிருக்கிறது. உள்ளே கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து படிந்து அடைக்கும், வாட்டர் பம்பை அரிக்கும். வடித்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் வந்தது. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து, வாட்டர் பம்ப், மேல் கீழ் ஓஸ்கள், வால்வு, ஃபேன் ஸ்விட்ச், ரேடியேட்டர் மூடி எல்லாம் புதிதாகப் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலன்ட் ஊற்றினோம். ரேடியேட்டர் மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நின்று, தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் வைத்திருப்பது அதுதான். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம். ஒரு தரம் நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும். வளைந்தால் ஹெட் கேஸ்கெட் போகும், லேத்துக்குக் கொண்டுபோக வேண்டிவரும். கூலிங்குக்குச் செலவழிப்பது எஞ்சினுக்குச் செலவழிப்பதுதான். இப்போது டிராஃபிக்கில் நின்றால் ஃபேன் தானாக ஓடுகிறது, சூடு தணிந்ததும் தானாக நிற்கிறது. மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்கிறது. அதைப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் சொல்லி முடியாது.

வாட்டர் பம்பைத் தொடும்போதே டைமிங் பெல்ட்டையும் மாற்றியாயிற்று. இந்த எஞ்சினில் அது ரப்பர் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றியது என்று பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருபத்தைந்து வருஷத்து மீட்டர் எத்தனை தரம் நின்று ஓடியதோ, யாருக்குத் தெரியும்! ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயசாகும்.

பிரேக்குக்கு வருகிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். விற்றவர் ஓட்டிக் காட்டியபோது பிரேக் பிடிக்கத்தான் செய்தது. பின் டிரம்மைக் கழற்றியபிறகுதான் நிலைமை புரிந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கசிந்து, பிரேக் ஆயில் ஷூவெல்லாம் ஊறியிருந்தது. அதாவது நிறுத்தும் வேலையைப் பெரும்பாலும் முன் சக்கரங்களே செய்துகொண்டிருந்தன. மழையில் அவசரமாக மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் இருந்ததற்கும் காரணம் அதுதான், அது பின் ஷூவில்தான் வேலை செய்கிறது. வீல் சிலிண்டர் இரண்டு, மாஸ்டர் சிலிண்டர் கிட், ஷூ, பேட், நான்கு ரப்பர் குழாய் என எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். ரப்பர் பிரேக் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பியிருக்கும். மிதித்தால் திரவம் போகும், விட்டால் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுவது நல்லது. டப்பாவில் டாட் 3 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அப்புறம், ஒரு வேண்டுகோள் மெக்கானிக் நண்பர்களுக்கு: டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பட்டறையில் வேலை பழகும் பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசுதான் இருக்கும். அவன் மூச்சு இன்னும் ஐம்பது வருஷம் ஓட வேண்டும்.

கார்புரேட்டர் எனக்குப் பிடித்த பகுதி. சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் மறைமலைநகர் இருக்கிறது இல்லையா, அங்கே யுகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்தது. குர்கானில் வண்டி தயாரானாலும் அதன் மூச்சுக்குழாய் நம் பக்கத்துச் சரக்கு. என் வண்டியில் இருந்ததும் ஒரிஜினல்தான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. டேங்கில் துரு, ஃபில்டரில் சேறு, ஜெட்களில் பிசின். ஜெட் அடைத்தால் மெல்லிய செப்புக் கம்பியை விட்டுக் குத்துவது பட்டறை வழக்கம். அது கூடாது. ஜெட்டின் துளை கணக்காகத் துளைத்தது. கம்பி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திவிடும், பெட்ரோல் கூடுதலாக இறங்கும். கிளீனர் திரவத்தில் ஊறவைத்து, காற்று விட்டு ஊதி எடுத்தால் போதும். கேஸ்கெட் கிட் போட்டு, ஃப்ளோட் மட்டம் சரிபார்த்து, ஸ்க்ரூ வைத்து அடைத்திருந்த வாக்குவம் குழாய்களையெல்லாம் அதனதன் இடத்தில் திரும்பச் செருகினோம். எது எங்கே போகும் என்பது பானெட்டின் அடியில் ஒட்டிய படத்தில் இருந்திருக்கும். அது எப்போதோ உரிந்து போயிருந்தது. மெக்கானிக் அண்ணனின் நினைவில்தான் முழுப் படமும் இருந்தது.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும் பாகங்களோடு நம் நாட்டில் வண்டிகள் பரவலாக வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான். 1998-ல் செய்த ரப்பர் குழாய்க்கு எத்தனால் ஆகாது. இறுகி வெடிக்கும், இல்லையென்றால் ஊறி உப்பும். டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை ஓடும் எல்லா ரப்பரையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் குழாய் கசிவது விளையாட்டில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் மாதக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தரம் எஞ்சின் நன்றாகச் சூடாகும் தூரத்துக்கு ஓட்டிவிட்டு வாருங்கள்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாக: டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துப் பார்த்தால் டேப் சுற்றிய முடிச்சுகள்தான். பழைய அலாரம், பழைய சென்ட்ரல் லாக், எப்போதோ கழற்றிப்போன டேப் ரெக்கார்டர் ஆகியவற்றின் அநாதை வயர்கள். ஃபியூஸ் பெட்டியில் ஒரு இடத்தில் செப்புக் கம்பி. வண்டி தீப்பிடிப்பது இப்படித்தான். எலக்ட்ரீஷியனிடம், "புதுசா எதையும் சேர்க்க வேண்டாம், அதிகமா இருக்கிறதை எடுத்துக் கொடுங்க" என்றேன். கைப்பிடியளவு வயர் வெளியே வந்தது. ஒன்றே ஒன்று சேர்த்தோம்: ஹெட்லைட்டுக்கு ரிலே. அந்தக் காலத்து வடிவமைப்பில் லைட்டின் கரண்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே போகிறது. வழியில் வோல்டேஜ் குறைந்து வெளிச்சம் மங்குகிறது. ரிலே போட்டதும் அதே பல்ப் பளிச்சென்று எரிகிறது. எர்த் வயர் உட்காரும் இடங்களை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்கியதில் ஸ்டார்ட்டரும் சுறுசுறுப்பாகிவிட்டது.

டயர் 145/70 ஆர் 12. பட்டன் நன்றாக இருக்கிறது என்று விற்றவர் சொன்னார், உண்மைதான். ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2311 என்றால் 2011-ன் 23-வது வாரம். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பட்டனைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட், ஆக்சில் பூட், எஞ்சின் மவுண்ட் எல்லாம் ரப்பர் கெட்டுப்போய்த்தான் இருந்தன. மாற்றியதும் வண்டியின் கடகடப்பு அடங்கியது. கியர் பாக்ஸ் ஆயிலையும் மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றும் ஆயிரம் பேரில் அதை நினைப்பவர் குறைவு.

பார்ட்ஸ் விஷயத்தில் என் கொள்கை இது. பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், ஓஸ், சீல் எல்லாம் புதிதுதான், சென்னை ஜி.பி. ரோட்டில் பில் போட்டு வாங்குவேன். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், மீட்டர் கண்ணாடி, பீடிங், சீட் ரெயில் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் தேடலாம். அங்கே பிரித்த வண்டியின் ஒரிஜினல் பாகம், புதிதாகக் கிடைக்கும் டூப்ளிகேட்டைவிடக் கச்சிதமாகப் பொருந்தும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். 1986-ல் வந்ததற்கும் 2000-க்குப் பின் வந்த, கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கும் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பல பாகங்கள் உள்ளே வேறு.

மொத்தச் செலவு வண்டிக்குக் கொடுத்த விலையை எட்டிவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல் பாதியைப் பட்டறைக்கு என்று எடுத்துவைப்பது நல்லது. ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது, தகடு மெல்லியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளோடு போட்டி போடும் வண்டியாக இதை நான் நினைக்கவில்லை. சீட் பெல்ட்டின் பட்டை நைந்திருந்தது, புதிதாக மாட்டிவிட்டேன். ஊருக்குள் ஓட்டவும், விடியற்காலையில் மெதுவாக மகாபலிபுரம்வரை போய்வரவும் இதைவிட வேறு வண்டி எனக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டு வாசலிலோ ஊரில் மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ அப்பாவின் பழைய மாருதி ஒன்று உறை போட்டபடி நிற்கலாம். காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், மிதியடியை எடுத்துவிட்டுத் தரையைத் தட்டிப் பாருங்கள். தகடு உறுதியாக இருந்தால் கார்புரேட்டர் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் இன்னும் பட்டறையில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.